கடைசி ஊசிக்கு முன்னால்

எங்கள் வீட்டில் மணியை யாரும் ‘அது’ என்று சொன்னதில்லை. ‘அவன் சாப்பிட்டானா’, ‘அவனை உள்ளே கூப்பிடு’ என்றுதான் பேச்சு. இலக்கணம் நாயை அஃறிணையில் வைத்திருக்கிறது. வீட்டுப் பேச்சு அதைக் கண்டுகொள்வதில்லை. மண்ணீரலில் இருந்த கட்டி உடைந்து, வயிற்றுக்குள் ரத்தம் கசிந்து, ஈறெல்லாம் வெளுத்துக் கிடந்தவனைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது, மேசைக்கு அந்தப் பக்கம் நின்றவர் கேட்ட முதல் கேள்வி, “இதுக்கு எத்தனை வயசு?” இரண்டாவது கேள்வி இல்லை. “இனிமே ஒண்ணும் பண்ண முடியாது, ஊசி போட்டுடலாம். கையெழுத்துப் போட்டுட்டு வெளிய இருங்க.” பத்து நிமிடத்தில் துணியில் சுற்றிக் கொடுத்துவிட்டார்கள்.

மருத்துவத்தில் அவர் தவறு செய்யவில்லை என்றே இன்றும் நினைக்கிறேன். அந்த நிலையில் வேறு வழி இருந்திருக்காது. ஆனால் உள்ளே என்ன மருந்து போட்டார்கள், முதலில் மயக்கம் கொடுத்தார்களா, வலித்ததா, எதுவும் எங்களுக்குத் தெரியாது. அம்மா பல மாதம் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்: “அவன் நம்மளத் தேடியிருப்பானோ?”

சில வருடம் கழித்து சின்னி என்ற பூனையின் முறை வந்தது. சிறுநீரகம் பழுதாகிவிட்டது. இந்தத் தடவை வேறு மருத்துவர். அவர் கூடையைத் தரையில் வைக்கச் சொல்லி, தானும் தரையிலேயே உட்கார்ந்துகொண்டு கேட்டார்: “இவளுக்கு வெளிச்சம் பிடிக்குமா, இருட்டு பிடிக்குமா?” இருட்டு என்றோம். எழுந்து போய்ப் பாதி விளக்குகளை அணைத்துவிட்டு வந்தார்.

இரண்டாமவர் அன்பானவர், முதலாமவர் கல்நெஞ்சக்காரர் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம், சுலபம். ஆனால் இரண்டாமவர் அன்று செய்த பலவும் குணத்தைச் சேர்ந்தவை அல்ல, தொழிலைச் சேர்ந்தவை. படித்துத் தெரிந்துகொள்ளக்கூடியவை, பழகி வருபவை. அதனால் நமக்கு ஒரு வசதி: அவற்றை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ‘இரக்கமுள்ள டாக்டர் யார்’ என்று தேடினால் ஆளுக்கொரு பதில்தான் கிடைக்கும். ‘முதலில் மயக்க ஊசி போடுவாரா’ என்று கேட்டால் தெளிவான பதில் கிடைக்கும்.

சொல்லிலேயே தொடங்கும் சிக்கல்

தமிழில் இதற்கு ‘கருணைக்கொலை’ என்று பெயர் வைத்துவிட்டோம். கருணை முன்னால் இருந்தாலும் காதில் நிற்பது கொலைதான். கையெழுத்துப் போடும் விரல் அந்தச் சொல்லில்தான் தயங்குகிறது. ஆங்கிலத்தில் வழங்கும் ‘யூதனேசியா’ கிரேக்க வேர்களிலிருந்து வந்தது. ‘நல்ல’, ‘சாவு’ என்ற இரண்டு சொற்களின் சேர்க்கை. நம்மிடமும் அதே சொல் அப்படியே இருக்கிறது. இழுபறி இல்லாமல் போனவர்களைப் பற்றி ‘நல்ல சாவு’ என்று சொல்கிறோமே, அதுதான். ஏன் அதை விட்டுவிட்டு மற்றதைப் பிடித்துக்கொண்டோம் என்று தெரியவில்லை.

வீடுகளில் ‘ஊசி போட்டுடலாம்’, ‘தூங்க வச்சுடலாம்’ என்கிறார்கள். பெரியவர்களுக்குள் சரி. குழந்தையிடம் ‘சின்னியைத் தூங்க வைக்கப் போறோம்’ என்று சொல்வது மட்டும் வேண்டாம். அன்று இரவு அந்தக் குழந்தை தூங்கப் பயப்படும். பிறகு என்றாவது அதற்கே ஓர் அறுவைச் சிகிச்சைக்கு மயக்கம் கொடுக்க வேண்டி வந்தால் இன்னும் பயப்படும். ‘உடம்பு இனி சரியாகாது, வலி அதிகம், டாக்டர் கொடுக்கிற மருந்தில் செத்துப்போவாள், அப்போது வலிக்காது’ என்று நேராகச் சொல்வதைக் குழந்தைகள் நாம் நினைப்பதைவிட நன்றாக வாங்கிக்கொள்கிறார்கள்.

எப்போது என்பதை யார் சொல்வது

மணியின் விஷயத்தில் யோசிக்க நேரமே இல்லை. சின்னிக்கு நேரம் இருந்தது. அது வேறு வகைச் சோதனை. நாள்பட்ட சிறுநீரக நோய் வயதான பூனைகளுக்கு மிகச் சகஜம். ஒரு நாள் எழுந்து சாப்பிடுவாள். மறுநாள் தண்ணீர்க் கிண்ணத்தின் விளிம்பில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, குடிக்காமல், நகராமல் உட்கார்ந்திருப்பாள். மூன்றாம் நாள் மறுபடி ஜன்னலில் ஏறுவாள். ‘இன்னிக்கு நல்லாத்தானே இருக்கா’ என்று ஒவ்வொரு நல்ல நாளும் முடிவைத் தள்ளிப்போடும்.

அமெரிக்காவில் விலங்குகளின் புற்றுநோய்க்கு மருத்துவம் பார்த்தவர் ஆலிஸ் வில்லலோபோஸ். அவர் 2004இல் ஓர் அளவுகோலை வெளியிட்டார். வலி, பசி, உடலின் நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் கூடுதலா என்று ஏழு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 35ஐத் தாண்டினால் பராமரிப்பைத் தொடரலாம் என்பது கணக்கு. மூச்சுத் திணறலை அவர் வலியோடு சேர்த்தே பார்க்கிறார். மூச்சுவிடவே போராடும் ஓர் உயிருக்கு மற்ற ஆறு கேள்விகளால் என்ன பயன்?

எங்கள் மருத்துவர் இந்தத் தாளைக் கொடுத்து, வீட்டில் இரண்டு பேர் தனித்தனியாக, ஒருவர் போட்டதை மற்றவர் பார்க்காமல் போட வேண்டும் என்றார். பசிக்கு அம்மா 8 போட்டிருந்தார். அதே நாள் நான் 4. சின்னி சாப்பிட்டது உண்மைதான், ஆனால் அம்மா விரலில் எடுத்து ஊட்டியதால் சாப்பிட்டாள். பாசம் மதிப்பெண்ணை அள்ளித்தான் போடும். இரண்டு பத்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் நாங்கள் இருவரும் முதல்முறையாக வாய்விட்டுப் பேசினோம். எண்ணைவிட அந்தப் பேச்சுக்காகத்தான் அந்தத் தாள் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னொன்றும் சொன்னார். அவளுக்கே உரிய மூன்று பழக்கங்களை எழுதி வைக்க வேண்டும். நாங்கள் எழுதியவை: ஜன்னல் விளிம்பில் ஏறுவது, அப்பாவின் செருப்பின்மேல் படுப்பது, அழைப்பு மணி அடித்தால் கட்டிலுக்கடியில் ஓடி ஒளிவது. முதலில் ஜன்னல் நின்றது. பிறகு செருப்பு. ஒரு நாள் மணி அடித்தது, அவள் தலையைக்கூடத் தூக்கவில்லை.

பூனைகள் வலியை மறைப்பதில் கெட்டிக்காரர்கள். கத்தினால்தான் வலி என்று காத்திருந்தால் ஏமாந்துபோவோம். 2019இல் மான்ட்ரியல் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் பூனையின் முகத்தை வைத்தே வலியை அளக்கும் முறை ஒன்றை வெளியிட்டார்கள். காது எப்படித் திரும்பியிருக்கிறது, கண் எவ்வளவு சுருங்கியிருக்கிறது, மூக்கும் வாயும் சேர்ந்த பகுதி இறுகியிருக்கிறதா, மீசை நேராக விறைத்திருக்கிறதா, தலை தோளைவிடத் தாழ்ந்திருக்கிறதா என்று ஐந்து விஷயங்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை. திடீர் வலியை அளக்க உருவானதுதான். ஆனாலும் எதைப் பார்க்க வேண்டும் என்று கண்ணுக்குப் பழக்கிவிடும்.

நாயானாலும் பூனையானாலும், நன்றாகத் தூங்கும்போது ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணிப் பாருங்கள். மார்பு ஏறி இறங்கினால் ஒன்று. 30ஐத் தாண்டிக்கொண்டே இருந்தால் இதயத்திலோ நுரையீரலிலோ கோளாறு இருக்கலாம். மருத்துவருக்குச் சொல்ல வேண்டும்.

சரி, தானாகவே போகட்டும் என்று விடக்கூடாதா? விடலாம். அது தவறான ஆசையும் இல்லை. தூக்கத்திலேயே போய்விடும் உயிர்கள் உண்டு. ஆனால் எல்லா நோயும் அப்படி முடிவதில்லை. இதயம் பழுதாகி நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டால் கரையில் இருந்தபடியே மூழ்குவது போலத்தான். சிறுநீரகம் முழுதாக நின்றால் நாட்கணக்கில் குமட்டல், வாயில் புண், சிலசமயம் வலிப்பு. விலங்குகளுக்கான வலிதணிப்புப் பராமரிப்புக்கென்று 2009இல் ஒரு பன்னாட்டுச் சங்கமே தொடங்கப்பட்டது; அமெரிக்க விலங்கு மருத்துவமனைகள் சங்கத்தோடு சேர்ந்து அது 2016இல் வழிகாட்டி நெறிகளையும் வெளியிட்டது. இயற்கையாகப் போகட்டும் என்று நினைக்கும் குடும்பங்களுக்கும் அதில் இடம் உண்டு. ஆனால் வலி மருந்து தவறாமல் போக வேண்டும், எந்நேரமும் கூப்பிட ஒரு மருத்துவர் வேண்டும், நிலைமை கைமீறினால் என்ன செய்வது என்பது முதலிலேயே முடிவாகியிருக்க வேண்டும். மூலையில் ஒரு சாக்கை விரித்துப் போட்டுவிட்டு ‘இயற்கை’ என்று சொல்வது வேறு.

வீட்டில் இருக்கும் மனித மருந்துகளைக் கொடுத்து நாமே முடித்துவிடலாம் என்ற யோசனை சிலருக்கு வரும். தயவுசெய்து வேண்டாம். தூக்க மாத்திரை பெரும்பாலும் கொல்லாது. வாந்தியும் தடுமாற்றமும் அரைமயக்கமுமாக மணிக்கணக்கில் வதைக்கும். பாராசிட்டமால் பூனைக்கு விஷம். ரத்தத்தால் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் செய்துவிடும். ஒரே ஒரு மாத்திரை போதும்.

உள்ளே என்ன நடக்கிறது

இந்தப் பகுதியைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். படிக்கக் கஷ்டமாக இருக்கலாம். ஆனால் அம்மாவின் கேள்விக்கு அன்று யாராவது இப்படிப் பதில் சொல்லியிருந்தால் அவருக்குச் சில மாதத் தூக்கம் மிஞ்சியிருக்கும்.

நல்ல முறை என்பது இரண்டு கட்டம். முதல் கட்டம் மயக்கம். தோலுக்கடியிலோ தசையிலோ ஓர் ஊசி, சுருக்கென்று வலிக்கலாம். ஐந்திலிருந்து பதினைந்து நிமிடத்தில் தலை கனத்துச் சாயும். கண் திறந்தே இருக்கும். நாக்கு நுனி லேசாக வெளியே தெரியும். சில மயக்க மருந்துகளுக்கு வாந்தி வரும், அதை முன்பே சொல்லிவிட வேண்டும். ரத்த ஓட்டம் குறைந்துபோன உடம்பில் மருந்து மெதுவாகத்தான் ஏறும்; ‘ஏன் இன்னும் தூங்கவில்லை’ என்று பதற வேண்டியதில்லை. விடைபெறுகிற நேரம் உண்மையில் இதுதான். இறுதி ஊசியின் நொடியில் அவளுக்கு எதுவும் தெரியாது. தடவிக்கொடுப்பதும் பேர் சொல்லிக் கூப்பிடுவதும் இந்தப் பத்து நிமிடத்தில்தான் அவளுக்குப் போய்ச் சேரும்.

இரண்டாம் கட்டத்தில் முன்னங்காலிலோ பின்னங்காலிலோ கொஞ்சம் முடியை மழித்து, நரம்பில் கேனுலா என்கிற சிறு குழாயைப் பொருத்துவார்கள். அதன் வழியாகப் பென்டோபார்பிட்டால் போகும். ஒரு காலத்தில் மனிதர்களுக்குத் தூக்க மருந்தாகக் கொடுத்ததுதான் இது. விலங்குகளுக்கு மயக்கம் தரத் தேவைப்படும் அளவைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு இங்கே போகிறது. வேறு மருந்தோடு மாறிவிடக் கூடாது என்பதால் பல தயாரிப்புகளில் இளஞ்சிவப்போ நீலமோ நிறம் சேர்த்திருப்பார்கள். முதலில் அடங்குவது மூளையின் மேற்பகுதி. நினைவு நொடிகளில் போய்விடும். அப்புறம் மூச்சை நடத்தும் பகுதி. கடைசியில் இதயம். சில நிமிடங்களுக்குள் எல்லாம் முடிந்துவிடும். மருத்துவர் ஸ்டெதஸ்கோப்பை வைத்து அவசரமில்லாமல் கேட்டுப் பார்த்த பிறகுதான் சொல்ல வேண்டும்.

நரம்பு கிடைக்காவிட்டால்? நீரிழப்பில் நரம்புகள் சுருங்கிப்போயிருக்கும். அப்போது பூனைகளுக்குச் சிறுநீரகத்துக்குள்ளோ, சில விலங்குகளுக்குக் கல்லீரலிலோ இதயத்திலோ நேராக ஊசி போடும் முறைகள் உண்டு. கேட்கவே குலை நடுங்கும். இவை எல்லாவற்றுக்கும் ஒரே நிபந்தனை: விலங்கு முழு மயக்கத்தில் இருக்க வேண்டும்.

பென்டோபார்பிட்டால் கட்டுப்பாட்டுக்குரிய மருந்து. எல்லா இடத்திலும், எல்லா மருத்துவர் கையிலும் இருக்காது. இல்லாத இடங்களில் தயோபென்டால் போன்ற மயக்க மருந்தை அளவுக்கு மிஞ்சிக் கொடுப்பார்கள். அல்லது ஆழ்ந்த மயக்கத்தில் ஆழ்த்திவிட்டுப் பொட்டாசியம் குளோரைடோ மக்னீசியம் சல்பேட்டோ போட்டு இதயத்தை நிறுத்துவார்கள். முறையாகச் செய்தால் இதுவும் நல்ல சாவுதான். ஆனால் மயக்கம் இல்லாமல், விழித்திருக்கும் விலங்குக்கு இந்த உப்புகளைப் போடுவது சித்திரவதை. தசைகளை மட்டும் முடக்கும் மருந்து அதைவிட மோசம். உடம்பு அசையாது, மூச்சு நிற்கும், நினைவு இருக்கும். பார்ப்பவருக்கு அமைதியாகத் தெரியும் என்பதுதான் அதிலுள்ள பயங்கரம். அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் இதற்கான நெறிமுறைகளை 1963இலிருந்து அவ்வப்போது திருத்தி வெளியிட்டு வருகிறது. 2020ஆம் ஆண்டுப் பதிப்பும் விழித்திருக்கும் விலங்குக்கு இவை கூடவே கூடாது என்கிறது.

ஆகவே தொலைபேசியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்க முடியும் என்றால், இதைக் கேளுங்கள்: “முதலில் முழுசா மயக்கம் கொடுப்பீங்களா? என்ன மருந்து?” இதற்குச் சலித்துக்கொள்கிறவரிடம் போகாதீர்கள். நல்ல மருத்துவருக்கு இந்தக் கேள்வி பிடிக்கும்.

நடந்து முடிந்த பிறகும் உடம்பு சில வேலைகளைச் செய்யும். கண் தானாக மூடாது. சிறுநீரும் மலமும் போகலாம். ஒரு தசை துடிக்கலாம். எல்லாவற்றிலும் ஆளை உலுக்குவது, இதயம் நின்ற பிறகு ஓரிரு முறை வரும் பெருமூச்சு. மூளைத்தண்டின் எஞ்சிய அனிச்சைச் செயல் அது. வலியும் இல்லை, உயிர் திரும்புவதும் இல்லை. எங்கள் மருத்துவர் இதையெல்லாம் முன்னாலேயே, தாழ்ந்த குரலில், ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டார். சின்னியிடமிருந்து அந்தப் பெருமூச்சு வந்தபோது அம்மா என் மணிக்கட்டை இறுகப் பிடித்தார். அவ்வளவுதான். அலறவில்லை.

சாதாரண நாளில் தேடுவது

அழுதுகொண்டே, இரவு பதினொரு மணிக்குத் தேடினால் திறந்திருக்கும் கதவுதான் கிடைக்கும், நல்ல கதவு கிடைக்காது. தடுப்பூசிக்கோ நகம் வெட்டவோ போகும் ஒரு சாதாரண நாளில் கேட்டுவிடுங்கள். ‘எப்பவாவது அந்த நிலைமை வந்தா நீங்க எப்படிப் பண்ணுவீங்க டாக்டர்?’ அபசகுனமாகப் பேசுகிறோமோ என்று தோன்றும். அவர்களுக்கு இது அன்றாட வேலை.

வீட்டுக்கு வருவாரா? இரவில் யாரைக் கூப்பிடுவது? நாம் பக்கத்தில் இருக்கலாமா? நாளின் கடைசி நேரத்தைக் கொடுப்பாரா, அல்லது முப்பது பேர் காத்திருக்கும் கூடத்தின் வழியாகத்தான் கூடையைத் தூக்கிக்கொண்டு வெளியே வர வேண்டுமா? பின்வாசல் உண்டா? பணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொள்வார்களா? இந்தக் கடைசிக் கேள்வி அற்பமாகத் தெரியலாம். கண்ணைத் துடைத்துக்கொண்டே கவுண்டரில் சில்லறைக்காக நின்றவர்களுக்குத் தெரியும்.

வீட்டுக்கு வருபவர் கிடைத்தால் பயணப் பயம் இல்லை, வேறு நாய்களின் வாசனை இல்லை, தனக்குப் பழகிய விரிப்பில் படுத்திருக்கலாம். பூனைகளுக்கு அது பெரிய விஷயம். ஆனால் மூச்சுத் திணறலில் தவிக்கும் உயிரை, வீட்டு மருத்துவர் மாலையில் வருவார் என்று வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. பெரிய நாயானால் பிறகு தூக்குவதற்கு ஆள் வேண்டும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

கையெழுத்துப் போடும் படிவத்தில், கடந்த 10, 15 நாட்களில் யாரையாவது கடித்ததா என்று ஒரு கேள்வி இருக்கலாம். கோபப்பட வேண்டாம். கடித்த நாயையோ பூனையையோ 10 நாள் கண்காணிப்பது வெறிநோயைக் கண்டுபிடிக்கும் வழி. கண்காணிக்க முடியாமல் போனால் மூளைத் திசுவைச் சோதிக்க வேண்டி வரலாம். கடிபட்டவரின் உயிர் சம்பந்தப்பட்டது.

பேசும் விதத்துக்கும் பாடம் உண்டு. புற்றுநோயாளிகளிடம் கெட்ட செய்தி சொல்வதற்காக 2000இல் ஓர் ஆறு படி முறை வெளியிடப்பட்டது. கால்நடை மருத்துவக் கல்லூரிகளிலும் அதைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். முதல் படி, அமைதியான இடத்தில் உட்கார்வது. இரண்டாம் படி, எதையும் சொல்வதற்கு முன்னால், இதுவரை உங்களுக்கு என்ன தெரியும் என்று கேட்பது. விளக்கம் கொடுப்பதெல்லாம் அதற்கப்புறம்தான். மணியின் நாளை நினைத்துப் பார்த்தால், இந்த இரண்டு படிகளும் சேர்ந்து மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது.

“உங்க பூனையா இருந்தா என்ன பண்ணுவீங்க டாக்டர்?” என்று எல்லோரும் கேட்பார்கள். அம்மாவும் கேட்டார். அவர் மழுப்பவில்லை. “என்னோடதா இருந்தா இந்த வாரத்துக்குள்ள முடிவு பண்ணிடுவேன். ஏன்னா அடுத்த வாரம் அவளுக்கு வரப்போறது எனக்குத் தெரியும். ஆனா நாலு நாள் பொறுத்துப் பண்ணினா தப்பான்னு கேட்டா, தப்பில்ல, குமட்டலுக்கு மருந்து தர்றேன்.” ஒரு நாள் தாமதிப்பதைவிட ஒரு வாரம் முந்திக்கொள்வது மேல் என்று மருத்துவர்கள் சொல்வதுண்டு. அந்த வாக்கியத்தை அப்படியே நம் தலையில் போட்டால் ஆறுதல் எதுவும் இல்லை. இந்தப் பூனைக்கு அடுத்த வாரம் என்ன ஆகும் என்று விளக்கும்போதுதான் அதற்கு அர்த்தம் வருகிறது.

நாய், பூனை அல்லாதவை

முயலும் பறவையும் வேட்டையாடப்படும் இனங்கள்; நோயை மறைத்தால்தான் பிழைக்க முடியும். வெளியே தெரியும்போது நோய் முற்றியிருக்கும். பறவைகளுக்குப் பொதுவாக முகமூடி வழியாக மயக்க வாயு கொடுத்துவிட்டுத்தான் ஊசி. ஆமை போன்ற ஊர்வனவற்றின் மூளை பிராணவாயு இல்லாமலே வெகுநேரம் தாக்குப்பிடிக்கும். மயங்கிய பிறகும் இதயம் அடித்துக்கொண்டிருக்கும். எனவே மயக்கத்துக்குப் பிறகு மூளை செயலிழந்ததை உறுதிசெய்யும் இரண்டாவது கட்டம் கட்டாயம். இதற்குப் பழகிய மருத்துவரைத்தான் தேட வேண்டும். மீன்களைத் தண்ணீரில் கரைத்த மயக்க மருந்தில் விடுவார்கள். குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட்டால் ‘தூங்கிப் போய்விடும்’ என்று ஆமைக்கும் மீனுக்கும் சொல்லும் யோசனையை நம்ப வேண்டாம். ‘ஒரு மீனுக்கா?’ என்று சிரிக்காமல் பதில் சொல்கிறாரா என்று பாருங்கள். மருத்துவரைத் தேர்ந்தெடுக்க அது ஒரு நல்ல சோதனை.

மேசைக்கு அந்தப் பக்கம்

முதல் மருத்துவரை நான் பல வருடம் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். இப்போது கொஞ்சம் குறைத்துக்கொண்டேன். மனித மருத்துவர்கள் பெரும்பாலோர் தம் வாழ்நாளில் செய்யாத ஒரு வேலையை இவர்கள் ஒரே நாளில் இரண்டு மூன்று முறை செய்ய நேர்கிறது. ஒரு நாயை அனுப்பிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு, அடுத்த அறையில் புதுக் குட்டியோடு சிரித்துக்கொண்டிருக்கும் குடும்பத்திடம் போய் நிற்க வேண்டும். வீடு மாறுகிறோம், பார்த்துக்கொள்ள முடியவில்லை, ஊசி போட்டுவிடுங்கள் என்று நல்ல உடம்போடு இருக்கும் நாயைக் கொண்டுவருபவர்களும் உண்டு. ஜெர்மனியில் தகுந்த காரணம் இல்லாமல் முதுகெலும்புள்ள விலங்கைக் கொல்வது சட்டப்படி குற்றம்; மறுப்பதற்கு மருத்துவர் கையில் சட்டம் இருக்கிறது. அப்படி இல்லாத இடங்களில் மறுப்பதும் சம்மதிப்பதும் அந்த ஒருவரின் மனச்சாட்சியில் விழுகிறது. முகம் இறுகிப்போனவர் எல்லோரும் இரக்கமற்றவர் அல்ல. ஆனால் அதற்காக மயக்க ஊசியை யாரும் தவிர்க்கக் கூடாது.

பக்கத்தில் இருப்பதா வேண்டாமா என்பது பற்றி நிறைய உபதேசம் செய்கிறார்கள். இல்லாதவர்களைக் குற்றவாளியாக்கிப் பேசுவதும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எங்கள் மருத்துவர் சொன்னது: “இருக்கிறதும் சரி, இல்லாததும் சரி. மயங்குற வரைக்கும் இருந்துட்டு வெளிய போறதும் சரி.” அப்பா அந்த மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தார். வீட்டில் இன்னொரு விலங்கு இருந்தால் முடிந்த பிறகு வந்து முகர்ந்து பார்க்க விடலாம். சில முகர்ந்துவிட்டுப் போய்விடும், சில பக்கத்திலேயே படுத்துக்கொள்ளும்.

அதற்குப் பிறகு

பென்டோபார்பிட்டால் இறந்த உடம்பிலேயே தங்கிவிடும். மண்ணில் மாதக்கணக்கானாலும் அழியாது. ஆழமில்லாமல் புதைத்த உடலைத் தோண்டித் தின்ற நாய்களும், கழுகு போன்ற பறவைகளும் செத்திருக்கின்றன. புதைப்பதானால் ஆழமாக, நீர்நிலையிலிருந்து தள்ளி, உள்ளூர் விதிப்படி. தகனம் என்றால் தனியாகவா, மற்றவற்றோடு சேர்த்தா என்று கேட்டுவிடுங்கள். சாம்பல் திரும்பக் கிடைக்குமா என்பது அதைப் பொறுத்தது. இதையெல்லாம் முந்தைய நாளே பேசி முடித்துவிட வேண்டும். துணியில் சுற்றிக் கையில் வைத்துக்கொண்டு பேசுவதற்கான விஷயம் இல்லை இது.

வேலைக்கு விடுப்பு கேட்டால் ‘பூனைக்கா?’ என்பார்கள். ஊர் ஒத்துக்கொள்ளாத துக்கத்தைப் பற்றிக் கென்னத் டோக்கா என்ற அமெரிக்க ஆய்வாளர் 1989இல் எழுதினார். அழுவதற்கான உரிமையை மற்றவர்கள் கொடுக்காதபோது துக்கம் வெளியே வர வழி தெரியாமல் உள்ளேயே சுற்றும் என்பது அதன் சாரம். வீட்டு விலங்கின் சாவு அந்த வகைக்கு ஏற்ற உதாரணம். ‘சரியான நேரத்தில்தான் செய்தோமா’ என்ற கேள்வியும் கூடவே வரும். அந்தக் கேள்வியோடு மறுபடி ஒருமுறை மருத்துவரிடம் போய் உட்காரலாம். நல்லவர்கள் அதற்கு நேரம் ஒதுக்குவார்கள்.

மணி போய் நான்கு மாதம் கழித்து அம்மாவின் கைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. மணிக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டிய தேதி நெருங்குகிறது, தவறாமல் அழைத்து வரவும் என்று. அவன் பேர் போட்டே வந்திருந்தது. அம்மா அதை அழிக்கவும் இல்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. ஒரு வாரம் கழித்து நான்தான் பார்த்தேன்.

சின்னியைக் கூடையில் வைத்து மூடிய பிறகு மருத்துவர் எங்களை உட்காரச் சொல்லிவிட்டுக் கணினி முன்னால் போனார். எதற்கு என்று புரியவில்லை. “உங்க நம்பர எடுத்துடறேன்மா. இல்லன்னா அது பாட்டுக்கு மெசேஜ் அனுப்பிக்கிட்டே இருக்கும்,” என்றார். திரையில் அவள் பேருக்கு எதிரே எதையோ அழுத்தினார். பிறகு எழுந்து வந்து, பாதி அணைத்திருந்த விளக்குகளைப் போடாமலே கதவைத் திறந்துவிட்டார்.